மூன்று புள்ளி ஒன்று

ஏழாவது டேக்கின் வால் முதல் டேக்கின் வாலோடு ஒட்டவில்லை.

யூட்டா ஹெட்ஃபோனைக் கழற்றிக் காதைத் தேய்த்துவிட்டு மறுபடியும் மாட்டிக்கொண்டு கேட்டாள். ரெக்கார்டிங் செய்கிறவர்கள் வால் என்று சொல்வது, வில் தந்தியை விட்ட பிறகும், விசையிலிருந்து விரல் எழுந்த பிறகும், கட்டடம் தன்னிடமே கொஞ்ச நேரம் வைத்திருந்து மெல்ல மெல்ல விடுகிற அந்த மிச்ச ஒலியை. கால்டன்ரோடா தேவாலயத்துக்கு நல்ல நீளமான வால். அதற்காகவே தேடிப்பிடித்து இந்த மலைக் கிராமத்துக்கு வந்திருந்தார்கள். காலை ஒன்பது மணிக்குக் கடைசி சுரம் மர வளைவுகளில் ஏறி, கூரையில் சற்று நின்று, பிறகுதான் கரைந்தது. இப்போது மணி பதினொன்று. அதே சுரம், அதே வில், இடம் மாறாத அதே மைக்குகள். ஆனால் வால் கொஞ்சம் குட்டையாக இருந்தது.

திரையில் அளந்து பார்த்தாள். காலையில் இரண்டு புள்ளி ஒன்பது விநாடி. இப்போது இரண்டு புள்ளி ஏழு.

அந்த எண்கள் அவளுக்கு மனப்பாடம். திங்கட்கிழமை காலையில் மற்ற இருவரும் வருவதற்கு முன்பே வந்து, காலியான தேவாலயத்தின் நடுவில் நின்று, கையடக்க அளவியைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை கை தட்டினாள். மூன்று புள்ளி ஒன்று. அப்போது பக்கக் கதவு வழியாகத் தம்பி டில்மன் உள்ளே வந்து பின்னால் நின்றான். திரும்பத் தட்டினாள். மூன்று. ஆள் நுழைந்தால் உடம்பும் உடையும் ஒலியைக் கொஞ்சம் குடித்துவிடும்; சின்னத் தேவாலயம் என்பதால் ஓர் ஆள் வந்தாலே தெரிந்தது.

"புள்ளி ஒண்ணா?" என்று டில்மன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "நாப்பத்தோரு வயசு, எம்பது கிலோ, இவ்வளவு தொப்பை. மொத்தமா என் மதிப்பு புள்ளி ஒண்ணுதானா?"

"உனக்கு அதுவே ஜாஸ்தி" என்றாள் யூட்டா.

பிறகு வயலின் பெட்டியோடு கெஸீனா வந்தாள். இரண்டு புள்ளி ஒன்பது ஆயிற்று. கெஸீனாவும் புள்ளி ஒன்றுதான் என்று தெரிந்ததில் டில்மனுக்கு ஏக சந்தோஷம்.

பாதிரியார் உடை மாற்றும் சின்ன அறைதான் இப்போது யூட்டாவின் ஒலிப்பதிவு அறை. ஆணிகளில் கறுப்பு அங்கிகள் தொங்கின. மேசையில் கணினி, உள்ளே இருப்பவர்களோடு பேச ஒரு பொத்தான், அவர்களைக் காட்டும் கையகலத் திரை. திரையில் டில்மன் ஹார்ப்சிகார்ட் முன்னால் உட்கார்ந்து விரல்களை ஊதிக்கொண்டிருந்தான். பியானோவுக்கு மூத்த வாத்தியம் அது. சுத்தியல் கிடையாது; உள்ளே சிறகு முட்கள் தந்தியை மீட்டும். அருகில் ஆட்டுக்குடல் தந்தி பூட்டிய வயலினோடு கெஸீனா நின்றாள். இருவர் வாயிலிருந்தும் புகை எழுந்தது. நவம்பர் கடைசி, வெளியே முழங்கால் அளவு பனி, உள்ளே வெப்பமூட்டி அணைந்திருந்தது. அது ஓடினால் மைக்கில் முனகல் விழும்.

பொத்தானை அழுத்தினாள். "அழகா வந்திருக்கு. ஆனா இன்னொரு தடவை போலாம். ஸ்வரத்தாள்ல பதினெட்டாவது கட்டத்துல மேல ஏதோ லேசா தட்டுது."

தட்டியது டில்மனின் வலது மோதிர விரல். யூட்டாவுக்குத் தெரியும். டில்மனுக்கும் தெரியும். கெஸீனாவுக்குத் தெரியாது. இரண்டு வருஷமாக அந்த விரல் வேகமான இடத்தில் தானாக உள்ளே மடங்கிக்கொள்கிறது. மூன்று மருத்துவர்கள் பார்த்துவிட்டார்கள். நரம்பு, மூளை, பழக்கம் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்களே தவிர விரல் நேராகவில்லை. இதுதான் தன் கடைசி இசைத்தட்டு என்று ஒரு ராத்திரி சமையலறையில் அவள் முன்னால் அழுதான். அவள் அப்போது சொன்னாள்: "நீ எத்தனை தடவை வேணும்னாலும் வாசி. நல்லா வந்த இடத்தையெல்லாம் நான் எடுத்து ஒட்டிக்கறேன். ஒருத்தருக்கும் தெரியாது."

ஒட்ட வேண்டுமென்றால் வால்கள் ஒத்துப்போக வேண்டும். மூன்றாவது டேக்கின் முன்பாதியை ஏழாவதின் பின்பாதியோடு சேர்த்தால், நடுவில் தேவாலயமே சுருங்கிவிட்ட மாதிரி கேட்டது. அதனால் இன்னொரு தடவை.

அவர்கள் பதிவு செய்தது, இருநூற்று எழுபது வருஷத்துக்கு முன்னால் இதே ஊரில் ஆர்கன் வாசித்துப் பள்ளிக்கூடமும் நடத்திய காஸ்பர் லெம்னிட்ஸ் வயலினுக்கும் ஹார்ப்சிகார்டுக்குமாக எழுதிய ஆறு ஸொனாட்டாக்கள். பாடகர் மேடை அலமாரியில் எலிப்புழுக்கையோடு கிடந்தவை. அதற்குள் ஐந்து முடிந்துவிட்டன. இன்று ஆறாவதின் மெதுவான பாகம். நாலே நிமிஷம். வயலின் ஒரே இடத்தில் நின்று யாரையோ கூப்பிடுவது போல இருக்கும், கூப்பிட்டுவிட்டு நிறுத்தும், கீழே ஹார்ப்சிகார்ட் படி இறங்குவது போல இறங்கிப் போகும்.

இந்தப் பாகத்தைப் பற்றி ஒரே ஒருவர்தான் ஏதோ சொல்லியிருந்தார். தேவாலயத்துச் சாவியைக் கொடுக்க வந்த கோயில்பிள்ளை ஓர்ட்லீப். திங்கட்கிழமைக்கு முந்தின சாயங்காலம், பட்டியலை மூக்குக் கண்ணாடிக்கு அருகில் பிடித்துப் படித்தவர், ஆறாவது வரியில் நின்றார்.

"இதையுமா?"

"ஏன், இதுக்கென்ன?" என்றாள் கெஸீனா.

"ஒண்ணுமில்ல. இதை நாங்க வருஷத்துக்கு ஒரே ஒரு தடவைதான் வாசிக்க விடறது. இறந்தோர் ஞாயிறு அன்னைக்கு. முடிஞ்ச கையோட பெரிய கதவைத் திறந்து வெச்சுட்டு நூறு எண்ணணும். எங்க அப்பா எண்ணினாரு. இப்போ நான் எண்ணறேன்."

"எதுக்கு நூறு?"

"வந்தவங்க போக வேணாமா? அதுல மெதுவா நடக்கறவங்களும் இருப்பாங்கல்ல."

டில்மனுக்கு வாய் சும்மா இருக்காது. "அப்போ நாங்க முப்பது தடவை வாசிச்சா, எங்களுக்கும் ஒரு கூட்டம் கூடும்னு சொல்லுங்க. போன மாசம் எர்ஃபுர்ட்ல பதினோரு பேர்தான் வந்தாங்க. அதுல ரெண்டு பேர் குளிருக்கு ஒதுங்கினவங்க."

ஓர்ட்லீப் சிரிக்கவில்லை. "கதவை மட்டும் திறந்து விட்டுடுங்க" என்று யூட்டாவைப் பார்த்துச் சொன்னார். அவளும் சரி என்று தலையாட்டினாள். அவர் போனதும் ஏணி போட்டு ஏறி, அந்தப் பெரிய கதவின் மேல் மூன்று மடிப்புக் கம்பளித் திரையை அறைந்து, அடியில் பழைய போர்வைகளைச் சுருட்டித் திணித்தாள். வண்டிச் சத்தம் வரக் கூடாது. கதவை ஒரு தடவை திறந்தால் குளிர்காற்று நுழைந்து எல்லாத் தந்தியும் சுருதி விலகும். திரும்பக் கூட்ட ஒரு மணி நேரம் ஆகும். யார் திறப்பார்கள்?

பதிமூன்றாவது டேக்கில் வால் இரண்டு புள்ளி நான்காக இருந்தது.

இப்போது அவளுக்கு மண்டையைக் குடைய ஆரம்பித்தது. மைக் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். வயரை மாற்றினாள். கடைசியில் எழுந்து உள்ளே போய்ப் பார்த்தாள். பன்னிரண்டு வரிசை பெஞ்சுகளும் காலி. யாரும் கோட்டோ போர்வையோ போட்டு வைக்கவில்லை. ஜன்னல்களில் பனி ஒட்டி வெளிச்சம் பால் கலந்தாற்போல மங்கியிருந்தது. வழக்கமான மெழுகு வாசனை, பழைய மர வாசனை. அவற்றுக்குக் கீழே புதிதாக ஒன்று. மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். நனைந்த கம்பளி. பனியில் நடந்து வந்தவர்கள் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தால் வருமே, அந்த வாசனை. கதவுத் திரை ஈரமாகியிருக்கும் என்று நினைத்துத் தொட்டுப் பார்த்தாள். அது காய்ந்து கிடந்தது.

"யூட்டா, இந்தத் தந்தியைப் பாரேன்" என்றாள் கெஸீனா. முறுக்காணியைத் திருகிக்கொண்டிருந்தாள். அவள் முகம் சரியாக இல்லை. "பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் சுருதி விலகுது. கச்சேரியில கூட்டம் வந்து உக்காந்ததும் விலகுமே, அதே மாதிரி."

குடல் தந்திக்கு மனித மூச்சின் ஈரம் ஆகாது. நிறைந்த கூடத்தில் அது படுத்தும் பாடு வாசிக்கிறவர்களுக்குத்தான் தெரியும். யூட்டா ஹார்ப்சிகார்டின் மேல் இருந்த ஈரமானியைப் பார்த்தாள். காலையில் நாற்பத்தெட்டு. இப்போது அறுபத்து மூன்று.

"மூணு பேர் மூச்சு விடறோம்ல" என்றாள்.

"மூணு பேரா?" என்று கெஸீனா கேட்டாள். யூட்டா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மதியம் அங்கிகளுக்கு அடியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சூப்பும் கறுப்பு ரொட்டியும் சாப்பிட்டார்கள். டில்மன் இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, ரொட்டியால் கிண்ணத்தையும் வழித்தான். கெஸீனா கரண்டியைப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

"நான் ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது" என்றாள். "அந்த நிறுத்தம் வருதில்ல, நான் வில்லைத் தூக்கற இடம். அங்க எனக்குக் கேக்குது."

"என்ன கேக்குது?"

"இருமலை அடக்கிக்கறாங்க."

டில்மன் சிரித்தான். "கெஸீனா, நம்ம கச்சேரியில எவன் இருமலை அடக்கியிருக்கான்? வேணும்னே வந்து இருமிட்டுப் போவான்."

கெஸீனா சிரிக்கவில்லை. யூட்டாவும் சிரிக்கவில்லை. பத்தாவது டேக்கில் அந்த இடத்தில் அவளும் எதையோ கேட்டிருந்தாள். அடைத்த தொண்டையில் அமுங்கிப்போன ஒரு சின்னச் சத்தம். பெஞ்சு மரம் குளிரில் முனகியது என்று குறித்து வைத்திருந்தாள். அந்த நேரத்தில் இதைச் சொல்லியிருக்கலாம். இன்றைக்குப் போதும் என்று மூட்டை கட்டியிருக்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை வாத்தியத்தைத் திருப்பி எடுத்துப்போக வண்டி வருகிறது. இன்னும் பதினெட்டாவது கட்டமும் முப்பத்தோராவது கட்டமும் சுத்தமாகக் கிடைக்கவில்லை. தம்பியின் வலது கை மேசைக்கு அடியில் இருந்தது. இடது கையால் அந்த விரலைப் பிடித்து நீவிக்கொண்டிருந்தான்.

"இன்னும் கொஞ்சம்தான்" என்றாள்.

பதினாறு. பதினேழு. பதினெட்டு. ஒவ்வொன்றுக்கும் அவள்தான் பொத்தானை அழுத்தி, எண்ணைச் சொல்லி, ஆரம்பிக்கச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் வயலின் கூப்பிட்டது. கூப்பிட்டுவிட்டு நிறுத்தியது. இருபதில் வால் சரியாக இரண்டு விநாடி. ஆட்கள் வந்து நிறைந்துகொண்டிருக்கிற கூடத்துக்கு அப்படி இருக்கும். அந்தக் கணக்கு மனதில் வந்ததும் அவள் பெஞ்சுகளையும் கணக்குப் போட்டாள். இந்தத் தேவாலயத்தில் நெருக்கி உட்கார்ந்தால் நூற்றைம்பது பேர்.

இருபத்து நான்காவது டேக்கில் கையகலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கம் திருப்பும் இடம் வந்தது. டில்மன் எப்போதும் இடது கையைச் சட்டென்று எடுத்துத் திருப்புவான், தாள் சரசரக்கும், அதைத் தனியாக வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். இந்தத் தடவை அவன் இரண்டு கைகளும் விசைகள் மேலேயே இருந்தன.

பக்கம் திரும்பியது.

மெதுவாக, மூலையைப் பிடித்துத் தூக்கி, கவனமாக, சத்தமே இல்லாமல். சின்ன வயதில் அவன் பக்கத்தில் நின்று அவள் திருப்பிய மாதிரியே. டில்மன் நிமிரவில்லை. நன்றி சொல்வது போல லேசாகத் தலையசைத்துவிட்டு வாசித்துக்கொண்டே போனான்.

காற்று என்று நினைக்க முயன்றாள். எல்லா இடுக்கையும் அவளே அடைத்திருந்தாள்.

இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. அதைக் கவனித்தபோது அவளுக்குப் பயத்தை மீறிச் சந்தோஷம் வந்தது. அதற்காகப் பின்னால் தன்னையே அவள் மன்னிக்கவில்லை. டில்மன் நன்றாக வாசித்தான். பதினெட்டாவது கட்டம் முத்து முத்தாக வந்தது. முப்பத்தோராவது கட்டத்தில் விரல் மடங்கவில்லை. டேக்குக்கு டேக் கை இளகியது. இரண்டு வருஷத்துக்கு முந்தைய டில்மன். இல்லை, அவனைவிடவும் மேல். வாசிக்கும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்க்குள் எண்ணுவது அவன் கெட்ட பழக்கம். "எண்ணாதேடா, மைக்ல விழுது" என்று இருபது வருஷமாகக் கத்தியிருக்கிறாள். இருபத்தெட்டாவது டேக்கில் உதடுகள் வழக்கம்போல அசைந்தன. மைக்கில் ஒன்றும் விழவில்லை. எண்ணும் சத்தமும் இல்லை, மூச்சுச் சத்தமும் இல்லை. எவ்வளவு சுத்தம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

இருபத்தொன்பது முடிந்ததும் கெஸீனா வில்லைத் தளர்த்தினாள். வயலினை மார்போடு அணைத்துக்கொண்டு, பெஞ்சுகள் பக்கம் திரும்பாமல், சுவரை ஒட்டியே நடந்து அறைக்குள் வந்தாள். பெட்டியின் பூட்டு மாட்டவே இல்லை.

"நான் போறேன்."

"கெஸீனா, இன்னும் ஒண்ணே ஒண்ணு."

"நீ அங்க நின்னிருந்தா இப்படிப் பேச மாட்டே. நின்னு வாசிக்கறவளுக்குத் தெரியும், முன்னால ஆள் இருக்கா இல்லையான்னு. கண்ணை மூடிக்கிட்டாலும் தெரியும்." பூட்டை விட்டுவிட்டுப் பெட்டியைக் கயிற்றால் கட்டினாள். "அவனைக் கூட்டிட்டு வெளிய வா யூட்டா. இப்பவே."

பக்கக் கதவு சாத்தியது. வெளியே கார் இரண்டு தடவை இருமிக் கிளம்பியது. பிறகு அந்தச் சத்தமும் இறக்கத்தில் போய் மறைந்தது.

மணி நாலேகால். ஜன்னல்கள் நீலமாகிக்கொண்டிருந்தன. யூட்டா வால் பார்த்தாள். ஒன்று புள்ளி நான்கு.

இன்னும் ஒரு வேலை பாக்கி. ஒவ்வொரு பாகமும் முடிந்ததும் எல்லோரும் அசையாமல் இருந்து, அந்த இடத்தின் வெறும் அமைதியை ஒரு நிமிஷம் பதிவு செய்வார்கள். வெட்டி ஒட்டும் இடங்களில் இடுக்கை அடைக்க அது வேண்டும். அது இல்லாமல் போனால் இன்றைய நாள் மொத்தமும் வீண். ஒரே ஒரு நிமிஷம். எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

பொத்தானை அழுத்தினாள். "டில்மன், அசையாம உக்காரு. ஒரு நிமிஷம் வெறுமனே எடுத்துட்டு வீட்டுக்குப் போயிடலாம்."

திரையில் அவன் தலையசைத்தான். கைகளை மடியில் வைத்துக்கொண்டான்.

ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்டாள். காலியான தேவாலயத்தின் அமைதி அவளுக்குத் தெரியும். கல்லும் உயரமும் கலந்த, கிணற்றடி போன்ற அமைதி அது. இது அதுவல்ல. இது கிட்டே இருந்தது. தடிமனாக இருந்தது. துணியும் உடம்புமாக அடைத்துக்கொண்டு, வேண்டுமென்றே அசையாமல் இருக்கிற அமைதி. இருபது விநாடி. எங்கோ வலப்பக்கம், தொண்டை ஒன்று அமுங்கியது. நாற்பது. தோல் உரசும் சத்தம், கையுறையா என்னவோ. ஐம்பத்தைந்து. அவள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். அவர்களும்.

அறுபது.

"நன்றி" என்றாள் யூட்டா.

உள்ளே எல்லோரும் தளர்ந்தார்கள்.

பெஞ்சுகள் முனகின. முதல் வரிசை, இரண்டாவது, மூன்றாவது. கால்கள் நகர்ந்தன. அடக்கி வைத்த இருமல்கள் அங்கங்கே உடைந்தன. கோட்டுகள் சரசரத்தன. ஒரு பாகம் முடிந்து அடுத்தது தொடங்குமுன் கச்சேரிக் கூடத்தில் கேட்குமே, அதே சத்தம். திரையில் டில்மன் ஒருவன்தான் இருந்தான்.

ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்தாள். சத்தம் நின்றது. எழுந்தாள். உள்ளே இருப்பது தம்பி.

இருட்டிக்கொண்டு வந்தது. ஸ்வரத்தாள் மேல் ஒரே விளக்கு. பெஞ்சுகள் காலி. எல்லாம் காலி. ஈரக் கம்பளி நெடி தொண்டையை அடைத்தது.

"டில்மன், எழுந்து வா."

"இருக்கட்டும் யூட்டா. கை நல்லா வருது."

பெரிய கதவு அந்தக் கோடியில். நடுவில் பன்னிரண்டு வரிசை. நடந்தாள். ஓடவில்லை, ஓடினால் எழுந்துகொள்வார்கள் என்று தோன்றியது. இரண்டு பக்கமும் குளிர் இல்லை. கதகதப்பு. மூன்றாவது வரிசையில் புறங்கையில் ஏதோ சொரசொரப்பாக உரசியது. துணி. கீழே பார்க்கவில்லை. ஏழாவது. எட்டாவது. யாரோ முழங்காலை ஒதுக்கி வழிவிட்டார்கள். அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

கதவு. திரையைக் கிழித்தாள். போர்வைகளை உதைத்தாள். தாழ்ப்பாள் பனியில் இறுகியிருந்தது. தோளால் மோதினாள். திறந்தது.

வெளியே நீல வெளிச்சம். பனி. அசையாத மரங்கள்.

"ஒண்ணு" என்று எண்ணினாள். "ரெண்டு. மூணு."

உள்ளேயிருந்து வெளியே காற்று புறப்பட்டது. வெதுவெதுப்பான காற்று. விட்டு விட்டு வந்தது. ஒரு இடைவெளி, ஒரு வீச்சு. ஒரு இடைவெளி, ஒரு வீச்சு. ஒவ்வொன்றும் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனது. சுவரோடு ஒட்டி நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு, எண்ணிக்கொண்டே இருந்தாள். அறுபதுக்கு மேல் வீச்சுகள் மெதுவாயின. தொண்ணூறில் ஒன்று. மிகவும் தாமதமாக, தொண்ணூற்றேழில் கடைசியாக ஒன்று. அது மட்டும் அவளருகில் கொஞ்சம் நின்றது. பிறகு போயிற்று.

"நூறு."

கதவைச் சாத்தினாள். பழக்கதோஷம், கிழிந்த திரையையும் இழுத்து மாட்டினாள். நெடி போயிருந்தது. மெழுகு, மரம், கல். குளிர் எலும்பில் ஏறியது. அந்தக் குளிரை அவளுக்குக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. தூரத்தில் விளக்கடியில் டில்மன் உட்கார்ந்திருந்தான். இருந்தான்.

பாக்கெட்டிலிருந்து அளவியை எடுத்தாள். கை தட்டினாள்.

ஒலி எழுந்தது. மர வளைவுகளில் ஏறியது. கூரையில் நின்றது. நீண்டது. கரைந்தது. யூட்டாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "டில்மன்! போயிட்டாங்க! வால் திரும்பி வந்துடுச்சுடா!"

பிறகுதான் எண்ணைப் பார்த்தாள்.

மூன்று புள்ளி ஒன்று.

மறுபடி தட்டினாள். மூன்று புள்ளி ஒன்று. இன்னொரு தடவை. கை எரிய எரியத் தட்டினாள். மூன்று புள்ளி ஒன்று. திங்கட்கிழமை காலை. அவள் மட்டும் தனியாக. அவன் உள்ளே வருவதற்கு முன்னால்.

"யூட்டா, இங்க பாரு" என்றான் டில்மன்.

வலது கையை விளக்குக்கு நேராகத் தூக்கிக் காட்டினான். மோதிர விரல் நேராக இருந்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு, கோடு போட்டது போல நேராக. "பாத்தியா? சரியாயிடுச்சு. இனிமே நீ எதையும் ஒட்ட வேணாம்."

அவள் வாயிலிருந்து புகை வெள்ளையாக எழுந்து கண்ணை மறைத்தது. மூச்சை அடக்கினாள். புகை விலகியது.

அவன் திரும்பி உட்கார்ந்து, முதல் பக்கத்தை எடுத்து வைத்து, வாசிக்க ஆரம்பித்தான். பிசகே இல்லாமல் விரல்கள் ஓடின. ஒன்று, இரண்டு, மூன்று என்று வழக்கம்போல உதடுகள் எண்ணின. அந்தக் குளிரில், விளக்குக்கு அத்தனை அருகில், அந்த உதடுகளுக்கு முன்னால் காற்று சுத்தமாக இருந்தது.